கடைசி அறைக்கு எட்டாத வைஃபை

அத்தியாயம் 14

போன வாரம் அவாங் தாத்தாவை அவர் அறைக் குளியலறை வாசலில் விழவைத்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டேன் என்று எத்தனை பேர் என்னைத் திட்டித் தீர்த்தீர்கள்! "உங்கள் வீட்டில் வயசானவர்களே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருக்கிறார்கள் தாயே, அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். தாத்தா பிழைத்துக்கொண்டார். எலும்பு முறியவில்லை, வாயும் குறையவில்லை. நெற்றியில் மட்டும் ஒரு கட்டு.

இந்தப் பக்கத்தை இன்றுதான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. எங்கள் ஜூபெய் ஊரில், காற்று ஓயாத ஓர் உயரமான கட்டடத்தில் பெங் குடும்பம் இருக்கிறது. பாவ்சூ பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். மாமனார் அவாங், ஒரு காலத்தில் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். மகள் ருவோலினுக்குத் தைபேயில் வேலை.

பாவ்சூவின் கணவன் ஜென்ஹாவ் ஜப்பானில் இருக்கிறான். அப்படித்தான் அக்கம்பக்கம் நினைக்கிறது. அப்படித்தான் மாமனாரிடமும் பாவ்சூ சொல்லிவைத்திருக்கிறாள். நிஜம் வேறு. கம்ப்யூட்டர் சிப் ஆலை வேலையை விட்டதை வீட்டில் சொல்லாமல், மாதக்கணக்கில் தினமும் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவன் அவன். மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது வேறொருத்தி வாயால் அது பாவ்சூவுக்குத் தெரிந்தது. மாமனார் தூங்கிவிட்டார் என்ற தைரியத்தில் அன்றைக்கு அவள் சொன்னாள், "பொய் சொல்லிக்கிட்டு இங்க இருக்கறதுக்குப் போயிடுங்களேன்." அவன் போய்விட்டான், எங்கே என்று பாவ்சூவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. போன வருஷம், விளக்குத் திருவிழா முடிந்த மறுநாள்.

அன்றிலிருந்து பாவ்சூ அழுததில்லை. கோபப்பட்டதும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னோடதுதானா?" என்று கேட்பார்களே, அதுபோல் அவளுக்கு மொத்த உடம்பும் ஆகிவிட்டது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அரிசி கழுவுகிறாள். எனக்கே சில சமயம் அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். இன்றைக்குப் புதன்கிழமை.

காலையிலேயே ருவோலின் லீவு போட்டுவிட்டுத் தைபேயிலிருந்து வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. காலணியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, செருப்பு அலமாரியைக் காலி பண்ணு. இன்னிக்கு அந்தக் கிழட்டு ரவுட்டருக்கு விடுதலை."

பாவ்சூ செருப்புகளை எடுத்து வெளியே அடுக்கினாள். அலமாரிக்குள்ளே, அடித்தட்டுக்குப் பின்னால், சுவரில் பதித்த ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. வீடு கட்டியவன் எல்லா ஒயரையும் அங்கேதான் கொண்டுவந்து முடித்திருக்கிறான். ரவுட்டரும் அதற்குள்தான். வாசலுக்கும் ஹாலுக்கும் வைஃபை எப்படியோ வந்துவிடும். சமையலறையில் ஃபிரிட்ஜைத் தாண்டினால் போச்சு. அதற்கும் அப்பால், துணி துவைக்கும் மெஷினைத் தாண்டி இருக்கிற கடைசி அறைக்கு ஒரு நாளும் எட்டியதில்லை. அந்த அறை மாமனாருடையது.

"இரும்புப் பெட்டிக்குள்ள போட்டு, இரும்புக் கதவையும் சாத்தி, அது மேல நாப்பது ஜோடி செருப்பையும் அடுக்கினா சிக்னல் பாவம் எங்கேந்து வரும்? மூச்சு முட்டிச் செத்தே போயிருக்கும்" என்றாள் ருவோலின்.

"உங்கப்பா வெச்சது."

"அப்பாவுக்கு ஆலையில ஆயிரம் மெஷின் தெரியும், வீட்டுல ஒண்ணு தெரியாது."

அப்பா என்ற சொல் வந்ததும் ருவோலின் நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பாவ்சூவின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் ஒற்றைச் செருப்பு ஒன்றுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசி அறையிலிருந்து மாமனார் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். நெற்றியில் வெள்ளைக் கட்டு. வந்ததும் பேத்தியைக் கேட்கவில்லை, மருமகளைத்தான் கேட்டார்.

"நீ இன்னும் வேலைக்குப் போகல?"

"மதியம்தானேப்பா."

"காலையிலயே போயிடேன். அங்க ஆளுங்க பல்லு வலியோட காத்துக்கிட்டு இருப்பாங்க."

"தாத்தா, அம்மாவை ஏன் விரட்டறீங்க? நான் வந்திருக்கேன், அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று ருவோலின் சண்டைக்குப் போனாள்.

"தெரியுது, தெரியுது. நீயும் எப்போ கிளம்பறே?"

"அடடா, என்ன வரவேற்பு! ரெண்டு மணி ரயில். அதுக்குள்ள உங்க அறையில கேமரா மாட்டிடுவேன். கட்டிலுக்கு அடியில ஒரு விளக்கு, நீங்க காலைக் கீழ வெச்சதும் தானா எரியும். ஒரு சின்னப் பெட்டி, நீங்க 'காப்பாத்து'ன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும், அம்மா போன்ல மணி அடிக்கும்."

"கேமராவா? நான் என்ன மிருகக்காட்சிசாலைப் பாண்டாவா, மூங்கில் திங்கறதை நின்னு பார்க்கறதுக்கு?"

"பாண்டா குளிக்கிற இடத்துல வழுக்கி விழாது தாத்தா."

"விழுந்தேன், எழுந்தேன். நானே கட்டும் போட்டுக்கிட்டேன். உங்கம்மா வந்து பார்த்தப்ப கட்டில்ல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருந்தேன், கேட்டுக்கோ."

அது உண்மைதான். போன புதன்கிழமை பாவ்சூ வீட்டுக்கு வந்தபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. பிளாஸ்திரியின் ஓரங்களை உள்ளே மடித்து, நரைமுடியில் ஒட்டாதபடி ஒதுக்கி, கண்ணாடி பார்த்துத் தன் நெற்றியில் தானே போட்டுக்கொள்கிறவர்களால் முடியாத காரியம். நாள் முழுக்கப் பஞ்சும் பிளாஸ்திரியுமாகப் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ருவோலின் அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி மூன்று வெள்ளை உருண்டைகள்.

"ஒண்ணு வாசல்ல, ஒயரோட. ஒண்ணு ஃபிரிட்ஜ் தலையில. மூணாவது தாத்தா அறையில. ஒண்ணு கையிலேர்ந்து இன்னொண்ணு வாங்கிக் கடைசி அறை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துடும். அம்மா, பேர் என்ன வெக்கட்டும்? புதுப் பேரா, பழையதேவா?"

"பழையதே இருக்கட்டும்."

"கடவுச்சொல்?"

"அதுவும் பழையதே. மாத்தினா ஏசி, காத்து சுத்திகரிக்கிற மெஷின், உன் போன், என் போன் எல்லாத்துலயும் மறுபடி உட்கார்ந்து போடணும்."

பேரும் கடவுச்சொல்லும் ஜென்ஹாவ் வைத்தவை. பாவ்சூ அதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே சோம்பல்பட்டுச் சொன்னாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டாலும் சோம்பல் என்றுதான் சொல்லுவாள்.

அப்புறம் ருவோலின் பையிலிருந்து ஒரு குவாய்குவாய் பொட்டலத்தை எடுத்தாள். அங்கேதான் பிடித்தது வம்பு.

எங்கள் ஊரில் மெஷின் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் அந்தச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆலையிலும் பார்க்கலாம், ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். அது இருந்தால் மெஷின் அடம் பிடிக்காமல் ஓடும் என்று மெத்தப் படித்த எஞ்சினியர்களே சத்தியம் செய்வார்கள். ஆனால் பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும். பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. ருவோலின் கையில் இருந்தது மஞ்சள்.

"மஞ்சளா!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் பாவ்சூ கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. "ஏண்டி, நீ ஆலைக்காரன் பொண்ணா இல்ல வழிப்போக்கன் பொண்ணா? மஞ்சள் வெச்சா அடுத்த நிமிஷம் மஞ்சள் விளக்குதான் எரியும். எல்லாம் படுத்துடும்."

"ஸ்டேஷன் கடையில பச்சை தீர்ந்துபோச்சு தாத்தா. மஞ்சள்தான் இருந்தது. நீங்கதானே கேமராவே வேண்டாம்னீங்க? படுத்தா உங்களுக்கு நல்லதுதானே?"

"வேண்டாம்னா மாட்டாதே. மாட்டினா ஒழுங்கா மாட்டு. மெஷினை அவமானப்படுத்தக் கூடாது." அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. "அதைத் தூக்கி ஓரமா வை. பெட்டிக்குள்ள பச்சை இருக்கு பாரு, அதை எடுத்து வை. அது நல்லாத்தான் இருக்கும்."

ருவோலின் குனிந்து இரும்புக் கதவைத் திறந்தாள். தூசி படிந்த கறுப்பு ரவுட்டர். அதன் தலையில் பச்சைப் பொட்டலம். பொட்டலத்தில் மட்டும் தூசி இல்லை. எடுத்துத் திருப்பினாள்.

"அட, அடுத்த மே மாசம் வரைக்கும் தேதி இருக்கே! அம்மா, நீ மாத்தினியா?"

பாவ்சூ திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் போனவன் வைத்துவிட்டுப் போன பொட்டலம் இதற்குள் காலாவதி ஆகியிருக்க வேண்டும். இந்தச் சோளப்பொரியெல்லாம் அவ்வளவு காலம் தாங்காது. இதை யாரோ இந்த வருஷம்தான் வைத்திருக்கிறார்கள். அவள் வைக்கவில்லை. ருவோலினும் வைக்கவில்லை. மாமனாரால் அந்த அடித்தட்டு வரை குனியவே முடியாது, குனிந்தால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

மாமனார் கைத்தடியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா, நான்தான் மாத்தினேன்" என்றாள் பாவ்சூ.

"நீயா? இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு அப்பாவைக் கிண்டல் பண்ணுவியே!"

"சும்மா கெடந்தது, மாத்தினேன். வேலையைப் பாரு."

மகளுக்கு வேலை நிறைய இருந்தது. முதல் உருண்டைக்கு ஒயர் கொடுத்து, பச்சைப் பொட்டலத்தைப் பக்கத்தில் நிற்கவைத்து, கும்பிடாத குறையாக ஒரு தட்டு தட்டிவிட்டு, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். மாமனார் சத்தமில்லாமல் தன் அறைக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்துப் பாவ்சூவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, அவர் வர்றாரா?"

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். "யாரு?"

"விளையாடாதீங்கப்பா."

"அவன் ஜப்பான்ல இருக்கான்னு நீதானே சொன்னே?"

பாவ்சூ அவர் நெற்றிக் கட்டையே பார்த்தாள். அவரே பெருமூச்சு விட்டார்.

"ஜப்பானாம் ஜப்பான்! அன்னிக்கு நான் தூங்கல பாவ்சூ. நீ சொன்னதும் கேட்டுச்சு, அவன் செருப்பு மாட்டறதும் கேட்டுச்சு. பெய்ப்பூவில தேயிலை வறுக்கற இடத்துல வேலை பார்க்கறான். இங்கேந்து கொஞ்ச தூரம். நீ எங்கிட்ட ஜப்பான்னே. அவன் உங்கிட்ட சொல்லாதீங்கன்னான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"எப்போ வருவார்?"

"புதன்கிழமை. அன்னிக்குத்தான் அவனுக்கு லீவு. நீ மதியம் வேலைக்குக் கிளம்பினப்புறம் வருவான். முதுகு தேய்ச்சு விடுவான், நகம் வெட்டி விடுவான். ரவுட்டருக்குப் பொட்டலம் பழசாயிடுச்சுன்னு மாத்தினான். நீ வர்றதுக்குள்ள போயிடுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு விழுந்தப்பவும் அவன்தான் தூக்கினான். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஒத்தைக்கால்ல நின்னான். உனக்குத் தெரிஞ்சுடும்னு நான்தான் மாட்டேன்னுட்டேன்."

கோபம் வரும் என்று பாவ்சூ காத்திருந்தாள். இத்தனை நாளாக ஒருவன் தன் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறான், தன் சாப்பாட்டு மேசையைத் தாண்டி நடந்திருக்கிறான், தன் துண்டில் கை துடைத்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் தட்டு பறந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. துவைக்கும் மெஷினில் துணி முடிந்துவிட்டது, எடுத்துக் காயப்போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

"என்னைப் பத்திக் கேப்பாரா?"

"கேக்க மாட்டான். நானா சொன்னா கேட்டுக்குவான்."

வெளியே ருவோலின், "ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்தாச்சு!" என்று கூவினாள்.

மாமனார் பாவ்சூவின் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டிய கை, இன்னும் பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"இங்க பாரும்மா. நீ இங்க கேமராவைத் திறந்து வெச்சேன்னா அவன் வர மாட்டான். மெஷினைப் பார்த்தே பழகினவன், உள்ள காலை வெச்சதும் தெரிஞ்சுடும் அவனுக்கு. அதோட திரும்பிடுவான். நீ போன்னு சொன்னியே, அதை இன்னும் புடிச்சுக்கிட்டுக் கிடக்கான். எனக்கு வாரத்துல இருக்கறது இந்த ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கறேன். இதையும் புடுங்கிடாதே."

"மத்த நாள் நீங்க விழுந்தா யாருப்பா தூக்குவா?"

அவர் அவள் கையை விட்டார்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை விழுந்திருந்தீங்கன்னா? நான் ராத்திரிதான் வர்றேன். அதுவரைக்கும் ஈரத்துல கெடப்பீங்களா?"

"அப்ப புதன்கிழமை மட்டும் அணைச்சு வை. உன் போன்ல அணைக்கலாம்னு அவ சொன்னாளே. மதியம் அணைச்சுட்டு ராத்திரி போட்டுக்கோ. நீ பார்க்க மாட்டே, அவனும் வருவான். யாருக்கு என்ன நஷ்டம்?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். வாரம் ஒரு நாள் பாவ்சூ தன் கையாலேயே பொத்தானை அழுத்தி, கணவன் தனக்குத் தெரியாமல் வந்து போவதற்கு வசதி செய்து தர வேண்டும். ஆனால் கிழவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு ருவோலின் உள்ளே வந்தாள். மூன்றாவது உருண்டையை அலமாரி மேல் வைத்தாள். அதில் சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், அது சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்று வேண்டினாரா, வேண்டாம் என்று வேண்டினாரா தெரியாது. புள்ளி வெள்ளையாகி நின்றது.

"வந்துடுச்சு! தாத்தா அறைக்கு வைஃபை வந்துடுச்சு!" ருவோலின் குதித்தாள். கேமராவை அலமாரி மேல் பக்கத்திலேயே கட்டிலைப் பார்க்கிறபடி நிறுத்தினாள். பாவ்சூவின் போனை வாங்கி எதையெதையோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இங்கே அழுத்தினா அறை தெரியும். இந்தப் பொத்தானை அழுத்திக்கிட்டுப் பேசினா உன் குரல் அங்க கேக்கும். யாராவது அசைஞ்சா போன் அதிரும். அம்மா, இப்ப ஆன் பண்ணவா?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை, வெறுமனே பார்த்தார்.

"ஆன் பண்ணு" என்றாள் பாவ்சூ.

கேமராவில் பச்சை வெளிச்சம் வந்தது. மாமனார் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கட்டிலடி விளக்கு எரிந்து அணைந்ததைப் பேத்தி கைதட்டிக் காட்டியபோதும் அவர் திரும்பவில்லை.

"பாண்டாவுக்குக் கோபம்" என்றாள் ருவோலின். "சரியாயிடும்மா. நாலு நாள்ல பழகிடுவார்."

ருவோலினிடம் சொல்லிவிடலாமா என்று பாவ்சூ யோசித்தாள். சொல்ல ஆரம்பித்தால் ரயில் போய்விடும், அவள் இங்கேயே உட்கார்ந்துவிடுவாள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்பாள், அழுவாள். அதற்கெல்லாம் பதில் சொல்ல வாயில் தெம்பு இல்லை. வழியில் சாப்பிட இரண்டு அரிசி உருண்டையைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மாமனாருக்கு மீன் சூப்பைச் சுடவைத்து மேசையில் மூடிவைத்தாள். "அப்பா, நான் கிளம்பறேன்" என்றாள்.

லிஃப்டில் போனை எடுத்தாள். படத்தில் மாமனாரின் முதுகு தெரிந்தது. கீழே, மூலையில், அணைக்கிற பொத்தான். கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. யாரோ நாய்க்குட்டியோடு ஏறக் காத்துக்கொண்டிருந்தார்கள். பாவ்சூ போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் அணைக்கவில்லை என்றால் அவளுக்கே தெரியாது. அவன் வந்து கேமராவைப் பார்த்துவிட்டு ஓட வேண்டும், இனிமேல் வரவே கூடாது என்று நினைத்தாளோ? அப்படி நினைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எதுவும் நினைக்கவில்லை.

காற்று முகத்தில் அறைந்தது. ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே போனாள்.

மருத்துவமனையில் அன்று கூட்டம். ஒரு பாட்டிக்கு மேல்வரிசைப் பல் செட்டு, ஒரு சின்னப் பெண்ணுக்குப் பல்லில் கம்பி. பெயர் கேட்டாள், அட்டை வாங்கினாள், உட்காரச் சொன்னாள். மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது.

மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார் என்று விட்டுவிட்டாள். மறுபடி அதிர்ந்தது. எடுத்துத் திருப்பினாள்.

மாமனார் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. மெலிந்திருந்தான். சட்டை அவளுக்குத் தெரியாத சட்டை. சட்டைகளை எல்லாம் அவள்தான் வாங்குவாள் என்பதால், தெரியாத சட்டையைப் பார்த்ததும் வேறு யாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அவன் தலையைச் சொறிந்தான். அந்தச் சொறிதலைத் தெரியாமல் இருக்க முடியாது.

"அப்பா, என்ன, உடம்பு சரியில்லையா?" போனில் குரல் சின்னதாகக் கேட்டது. பாவ்சூ அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

மாமனார் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி அலமாரிப் பக்கம் காட்டினார். "அங்க பாரு. உன் பொண்டாட்டி உட்கார்ந்திருக்கா. போயிடு."

ஜென்ஹாவ் திரும்பினான்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்று, "என் நம்பர் எப்போ வரும்?" என்று கேட்டாள். "கொஞ்சம் உட்காருங்க" என்று பாவ்சூ சொன்னது அவள் காதிலேயே யாரோ சொன்னது போல் விழுந்தது.

அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அதை நோக்கி வந்தான். கை நீண்டது, உள்ளங்கை படம் முழுக்க நிறைந்தது. ஒயரைப் பிடுங்கப் போகிறான் என்று பாவ்சூ நினைத்தாள். பிடுங்கிவிட்டுப் போய்விடுவான், மாமனார் தன்னோடு இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார், அவ்வளவுதான் முடிந்தது. படம் ஆடியது. கூரை தெரிந்தது. காலண்டர் தெரிந்தது. நடுவில் ஒரு நொடி அவன் முகம், மிகக் கிட்டத்தில், போனே கொள்ளாத அளவுக்கு. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. அவள் அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் படம் நகர்ந்துவிட்டது.

நகர்ந்து, அலமாரி ஓரத்தைத் தாண்டி, குளியலறை வாசலில் போய் நின்றது.

ருவோலின் கட்டிலைப் பார்த்துத்தான் வைத்திருந்தாள். மாமனார் விழுந்தது கட்டிலில் இல்லையே, குளியலறை வாசலில். அதை மாட்டியவளுக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும் தோன்றவில்லை. அவன் ஓடவில்லை, ஒளியவில்லை. கேமராவைத் திருப்பிச் சரியான இடத்தைப் பார்க்கவைத்துக்கொண்டிருந்தான்.

பாவ்சூவின் கை போனைக் கிட்டே இழுத்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன்னுடைய கைதான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியாமல் வலித்தது.

படத்தில் அவன் இல்லை. குரல் மட்டும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலில் நிற்கிற மெக்கானிக் கேட்பது போல்.

"பாவ்சூ, குளியலறை வாசல் இப்ப தெரியுதா?"

போன வருஷம் விளக்குத் திருவிழாவுக்கு மறுநாளிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கதவு, கைப்பிடி, ஈரம் துடைக்கிற மிதியடி, கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் செருப்பு எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. புது வைஃபை அந்தக் கடைசி அறையிலிருந்து மிதியடியின் பிசிறைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தது.

பாவ்சூ பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

"தெரியல" என்றாள்.